கிழிந்திருந்தாலும் கொடுங்கள்

வாசகர் கேள்வி - பதில்

சிறார் இலக்கிய ஆய்வு நூலகங்கள் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அப்படியொரு நூலகத்தின் பட்டியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிடித்த வேலையைப் பற்றிப் பேச இன்னொரு வாய்ப்பு கிடைத்ததில் சந்தோஷம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

குழந்தைகள் நூலகம் தெரியும். அதென்ன சிறார் இலக்கியத்துக்கு ஆய்வு நூலகம்? படக்கதைப் புத்தகத்தில் ஆராய என்ன இருக்கிறது? - ஒரு வாசகர்

குழந்தைகள் நூலகத்தில் புத்தகம் வீட்டுக்குப் போகும், வரும், நைந்துபோகும். கழித்துவிட்டுப் புதிது வாங்குவார்கள். அங்கே அதுதான் சரி. ஆய்வு நூலகத்தில் புத்தகம் வெளியே போகாது, கழிக்கவும் மாட்டோம். ஒரு கதை முப்பது தடவை அச்சாகியிருந்தால் முப்பதையும் தேடுவோம். சுருக்கம், மொழிபெயர்ப்பு, மலிவுப் பதிப்பு, பள்ளிப் பதிப்பு எல்லாம் வேண்டும். கூடவே எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதி, ஓவியரின் பென்சில் வரைவுகள், பதிப்பாளரின் விலைப்பட்டியல், மதிப்புரை வந்த பத்திரிகைகளையும் வைத்திருப்போம்.

ஆராய என்ன இருக்கிறது என்கிறீர்கள். ஒரு குழந்தைப் புத்தகத்தைக் குழந்தை எழுதுவதில்லை, அச்சிடுவதில்லை, பெரும்பாலும் காசு கொடுத்து வாங்குவதும் இல்லை. எழுத்தாளர், பதிப்பாளர், ஆசிரியர், பெற்றோர் என்று எத்தனையோ பெரியவர்கள் 'இது பிள்ளைக்கு ஏற்றதா' என்று பார்த்த பிறகுதான் அது பிள்ளையின் கைக்கு வருகிறது. ஒரு காலத்துப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் எதைச் சொல்லத் துணிந்தார்கள், எதை மறைத்தார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள், யாரைப் பார்த்துப் பயப்படச் சொன்னார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் அப்படியே இருக்கிறது. வரலாறு, கல்வி, உளவியல், அச்சுக்கலை என்று பல துறைக்காரர்கள் இதைத் தேடி வருகிறார்கள்.

இதில் ஓர் அவசரமும் இருக்கிறது. 'நியூ இங்கிலாந்து பிரைமர்' என்றொரு சிறிய பாடப் புத்தகம். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாஸ்டனில் வெளிவந்தது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் அமெரிக்கப் பிள்ளைகள் அதை வைத்துத்தான் எழுத்து கற்றார்கள். பல லட்சம் பிரதிகள் விற்றன. ஆனால் முதல் பதிப்பில் ஒரு பிரதிகூட இன்று இல்லை. நமக்குக் கிடைத்திருப்பதில் மிகப் பழையது 1727-இல் அச்சானது. யாரும் அதை எரிக்கவில்லை, தடை செய்யவில்லை. பிள்ளைகள் படித்துப் படித்தே தீர்ந்துபோயிற்று. யாரும் வாங்காத தடித்த மதநூல்கள் அலமாரியில் பத்திரமாக இருக்க, வீட்டுக்கு வீடு இருந்த புத்தகம் காணாமல் போனது. குழந்தைப் புத்தகத்துக்கென்று தனி நூலகம் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் குழந்தைப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அட்டை போயிருக்கிறது, உள்ளே கிரேயான் கிறுக்கல். ஒட்டிச் சரிசெய்து நூலகத்துக்குத் தரலாம் என்று இருக்கிறேன். வாங்கிக்கொள்வார்களா? - ஒரு வாசகி

அம்மா, தயவுசெய்து ஒட்டாதீர்கள். இந்தப் பதிலில் வேறெதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும். செல்லோ டேப்பின் பசை சில வருஷங்களில் தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகிவிடும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும், கறை மட்டும் நின்றுவிடும். பழைய டேப்பை எடுக்கப் புத்தகப் பராமரிப்புப் பிரிவுக்காரர்கள் படும் பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். கிழிசலோடு வந்த புத்தகத்துக்கு வைத்தியம் சுலபம். மெல்லிய ஜப்பானியத் தாள், கோதுமை மாவுப் பசை, அவ்வளவுதான். அந்தப் பசை தண்ணீர் பட்டால் இளகிவிடும், அதனால் நாளைக்கு வேறொருவர் பிரிக்க நினைத்தாலும் பிரிக்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது, தனியாக வந்துவிட்ட பக்கங்களை அந்தந்த இடத்தில் வைத்து, சுத்தமான வெள்ளைத் தாளில் சுற்றி, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுவது. ரப்பர் பேண்ட் வேண்டாம். பூஞ்சை பிடித்தது இருந்தால் தனியாக வைத்து, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கிரேயான் கிறுக்கல். ரப்பர் போட்டு அழித்துவிடப் போகிறீர்களே என்று பயமாக இருக்கிறது. ரூத் பால்ட்வின் என்று ஓர் அமெரிக்கப் பேராசிரியை இருந்தார். குழந்தைப் புத்தகங்களை வாங்கிச் சேர்ப்பதே வாழ்க்கையாக இருந்தவர். பணக்காரச் சேகரிப்பாளர்கள் மடிப்புக் கலையாத முதல் பதிப்பைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், பிள்ளைகள் கையில் புழங்கிய புத்தகத்தை இவர் ஆசையாக வாங்கினார். பெயர் எழுதியது, வண்ணம் தீட்டியது, ஓரத்தில் கணக்குப் போட்டது எல்லாம் அவருக்கு வேண்டும். 1977-இல் அவருடைய சேகரிப்பு, சுமார் 35,000 புத்தகங்கள், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. கூடவே அவரும் போய், அதன் காப்பாளராகவே இருந்தார். அது வளர்ந்து இன்று ஒரு லட்சத்தையும் தாண்டிவிட்டது. ராபின்சன் குரூசோ கதையின் பதிப்புகளை மட்டும் அங்கே உட்கார்ந்து வாழ்நாள் முழுக்க ஒப்பிடலாம்.

கிறுக்கலில் அப்படி என்ன இருக்கிறது என்பதற்கு நானே பட்டியலிட்ட ஒரு புத்தகத்தைச் சொல்கிறேன். சாதாரண அகரவரிசைப் புத்தகம், உள்ளங்கை அகலம். முன் அட்டையின் உட்பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை தன் பெயரை மையால் எழுதியிருக்கிறாள். அதன்மேல் ஒரு கோடு. கீழே அதே குடும்பப் பெயரோடு ஒரு பையனின் பெயர், பென்சிலில். முதல் பத்துப் பக்கங்களின் கீழ் ஓரம் விரல் பட்டு எண்ணெய்ப் பிசுக்கேறி, தாளே மெலிந்திருந்தது. பிற்பாதி புத்தம் புதிதாக இருந்தது. இரண்டு பிள்ளைகளும் பாதியில் நிறுத்திவிட்டார்கள், அல்லது அதற்குள் எழுத்து வந்துவிட்டது. விலங்குப் படங்களில் நாய்க்கு மட்டும் சிவப்பு வண்ணம். இதையெல்லாம் பட்டியலில் 'பிரதியின் நிலை' என்ற இடத்தில் வரிவரியாக எழுதினேன். பிள்ளைகள் நிஜத்தில் எப்படிப் படித்தார்கள் என்று ஆராய்பவருக்கு அந்த வரிகள்தான் வழிகாட்டும். படித்ததைப் பற்றி நாட்குறிப்பு எழுதும் குழந்தைகள் மிகக் குறைவு, கிறுக்காத குழந்தைகள் அதைவிடக் குறைவு.

எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்களா என்றால், மாட்டார்கள். இடம் இருக்காது, ஏற்கெனவே பிரதி இருக்கும். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது அவர்கள். பெயர், பதிப்பகம், ஆண்டு மட்டும் குறித்து ஒரு பட்டியல் அனுப்புங்கள். முதலிலேயே குப்பைக்குப் போட்டுவிட வேண்டாம்.

இப்போது எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துவிடுகிறார்கள். இனிமேல் காகிதத்தை வைத்துக் கொண்டிருப்பது இடத்துக்குக் கேடு இல்லையா? - ஒரு பொறியாளர்

ஸ்கேன் எடுப்பது மிக நல்ல காரியம். மேலே சொன்ன பால்ட்வின் சேகரிப்பில் ஆயிரக்கணக்கான புத்தகங்களை இணையத்தில் இலவசமாகப் புரட்டலாம். எங்கோ ஒரு மூலையில் இருப்பவருக்கு அது பெரிய வரம். ஆனால் எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. பல நாடுகளில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. படப் புத்தகம் என்றால் ஓவியருக்கும் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். ஆகவே கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதி இன்னும் பூட்டிக்கிடக்கிறது.

இன்னொன்று, குழந்தைப் புத்தகம் கையால் செய்து பார்க்க வேண்டிய பொருள். ம்யூனிக் நகரத்தில் லோதர் மெகன்டோர்ஃபர் (1847-1925) என்று ஓர் ஓவியர் இருந்தார். அசையும் படப் புத்தகங்களில் மன்னன். அவருடைய பக்கத்தின் ஓரத்தில் ஒரு தாள் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்தால் ஒருவன் கை தூக்குவான், கண்ணை உருட்டுவான், பக்கத்தில் இருப்பவன் வாயைத் திறப்பான், எல்லாம் ஒரே இழுப்பில். இரண்டு தாள்களுக்கு நடுவே அட்டையில் வெட்டிய நெம்புகோல்களை வைத்து, மெல்லிய செம்புக் கம்பியைச் சுருட்டி மூட்டுப் போட்டிருப்பார். எந்த மூட்டு முதலில் அசைய வேண்டும், எது ஒரு நொடி தாமதிக்க வேண்டும் என்பதிலேதான் நகைச்சுவை. ஸ்கேனில் இது அசையாமல் நிற்கும் ஒரு மனிதன், அவ்வளவுதான். வீடியோ எடுத்தால் அசைவு தெரியும், ஆனால் மூட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது பக்கம் பிரிந்து கிடக்கும் ஒரு பழுதான பிரதியில்தான் தெரியும். அதனால்தான் பழுதானதையும் வைத்திருக்கிறோம்.

ஆராய்ச்சி மாணவி நான். குழந்தைக் கதைகளில் உழைக்கும் பெண்கள் என்பது தலைப்பு. இப்படிப்பட்ட நூலகத்துக்குப் போவதற்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும்? - ஒரு மாணவி

தலைப்பைச் சுருக்குங்கள், அம்மா. உழைக்கும் பெண்கள் என்று கேட்டால் எந்தப் பட்டியலாலும் பதில் சொல்ல முடியாது. தையல்காரி, செவிலி, ஆசிரியை என்று தொழிலாகப் பிரித்து, ஒரு மொழி, ஒரு முப்பது ஆண்டு என்று எல்லை வகுத்துக்கொண்டு, நூலகருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். பழைய பட்டியல்களில் கதையின் பெயர் இருக்கும், கதை எதைப் பற்றியது என்று இருக்காது. அது நூலகரின் தலைக்குள்தான் இருக்கிறது. நல்ல கேள்வியோடு வரும் மாணவியைக் கண்டால் எங்களுக்கு உற்சாகம் தாங்காது, நீங்கள் கேட்காத பெட்டிகளையும் எடுத்து வைப்போம்.

புத்தகங்களை அலமாரியிலிருந்து நீங்களே எடுக்க முடியாது, சீட்டு எழுதிக் கொடுத்தால் வாசிப்பறைக்குக் கொண்டுவருவார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். கையுறை வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் வேண்டாம், கழுவித் துடைத்த கை போதும். கையுறை போட்டால் தாளின் மெல்லிய ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும். ஒரு விதிவிலக்கு, 19-ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டைகள். அந்தப் பச்சையில் ஆர்செனிக் கலந்திருப்பது உண்டு. அமெரிக்காவில் வின்டர்தூர் அருங்காட்சியகம் 2019 முதல் இவற்றைத் தேடிக் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டு வருகிறது. பிள்ளைகள் கையில் கொடுத்த பரிசுப் புத்தகங்களிலும் துணி அட்டை சர்வசாதாரணம். சந்தேகப்படும் பச்சையை நைட்ரைல் கையுறையோடுதான் தருவார்கள், பயப்பட வேண்டாம்.

புத்தகத்தை மட்டும் கேட்காமல் மேலுறையும் இருக்கிறதா என்று கேளுங்கள். பல நூலகங்கள் வாங்கிய அன்றே அதைக் கழற்றி எறிந்துவிடும். 'எட்டு வயதுச் சிறுமிகளுக்கு' என்பது போன்ற வரிகள் மேலுறையில்தான் இருக்கும், உங்கள் தலைப்புக்கு அது முக்கியம். நிதி உதவி வேண்டுமென்றால் ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் இருக்கும் சர்வதேச இளைஞர் நூலகம் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை தந்து தங்கிப் படிக்க வைக்கிறது. விண்ணப்பியுங்கள்.

சென்ற இதழ்க் குறிப்பில் ம்யூனிக் நூலகத்தைச் சொல்லியிருந்தீர்கள். அதைத் தொடங்கியது யார்? - ஓர் ஆசிரியர்

யெல்லா லெப்மன். ஸ்டுட்கார்ட் நகரில் பத்திரிகையாளராக இருந்த யூதப் பெண். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி 1936-இல் இங்கிலாந்து போனார். போர் முடிந்ததும் 1945-இல், அமெரிக்க ராணுவத்துக்குப் பெண்கள், இளைஞர் விவகாரங்களில் ஆலோசகராக அதே ஜெர்மனிக்குத் திரும்பி வந்தார். தன்னைத் துரத்திய நாட்டுப் பிள்ளைகள் இடிபாடுகளுக்கு நடுவே நிற்பதைப் பார்த்து, சோறும் துணியும் போலவே இவர்களுக்குப் புத்தகமும் வேண்டும் என்று சொன்னார். அதிலும் மற்ற நாட்டுப் புத்தகங்கள். பன்னிரண்டு வருஷம் வெளியுலகை வெறுக்கக் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் அல்லவா அவர்கள்.

கையில் பணம் இல்லை. இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதினார், உங்கள் நாட்டின் சிறந்த குழந்தைப் புத்தகங்களை இலவசமாக அனுப்புங்கள் என்று. நேற்றுவரை எதிரியாக இருந்த நாட்டின் பிள்ளைகளுக்கு! பெல்ஜியம் முதலில் மறுத்தது, அவர் விடாமல் மறுபடி எழுத, அனுப்பியது. 1946-இல் ம்யூனிக்கில் கண்காட்சி நடந்தது. நாஜிகள் தங்கள் கலைப் பெருமைக்காகக் கட்டிய மண்டபம்தான் இடம். அந்தப் புத்தகங்களிலிருந்து வளர்ந்து 1949 செப்டம்பரில் நூலகம் திறந்தது. 1983 முதல் புளூட்டன்பர்க் என்ற பழைய கோட்டையில் இருக்கிறது. இன்று ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகளில். ஒவ்வொரு மொழிப் பகுதிக்கும் அந்த மொழி தெரிந்த நிபுணர்கள் இருந்து, வரும் புத்தகங்களைப் படித்துப் பார்க்கிறார்கள். ஆண்டுதோறும் 'வெள்ளைக் காகங்கள்' என்று 200 புத்தகங்களைத் தேர்ந்து உலகத்துக்குச் சொல்கிறார்கள்.

1949 எனக்கு ஆச்சரியம் தரும் ஆண்டு. எட்கர் ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலேய நூலகர் தன் சேகரிப்பு சுமார் 2,000 புத்தகங்களைக் கனடாவின் டொரான்டோ நூலகத்துக்குக் கொடுத்ததும் அதே ஆண்டு. இர்வின் கெர்லன் என்ற மருத்துவர் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததும் அதே ஆண்டு. போர் முடிந்து நான்கு வருஷத்தில், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், மூன்று இடத்தில் இதே எண்ணம்.

பழைய குழந்தைக் கதைகளில் நிறத்தையும் இனத்தையும் கேவலப்படுத்தும் வரிகள் இருக்கின்றன. அவற்றையும் காப்பாற்ற வேண்டுமா? என் மகள் கையில் கிடைத்தால்? - ஒரு தாய்

உங்கள் மகளின் அலமாரியில் வேண்டாம். எங்கள் அலமாரியில் வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. நான்சி ட்ரூ துப்பறியும் வரிசை 1930-இல் தொடங்கியது. 1959 முதல் அதன் பழைய பாகங்களைத் திருத்தி எழுதினார்கள். இனத்தை இழிவாகக் காட்டிய வரிகள் போயின, கதையும் சுருங்கியது. கடையில் புதியது மட்டும் இருக்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்த்தால்தான் முன்பு என்ன இருந்தது என்பதும், எதை மட்டும் திருத்தினார்கள், எதைத் திருத்தத் தோன்றவில்லை என்பதும் புரியும். பழையதைத் தூக்கி எறிந்துவிட்டால் 'அப்படியெல்லாம் யாரும் எழுதவில்லை' என்று நாளை ஒருவர் சொல்லுவார், மறுக்க ஆதாரம் இருக்காது. காயம்பட்ட சமூகத்துக்கு அந்த ஆதாரம் தேவை. பட்டியலில் தெளிவான குறிப்போடு வைத்திருப்பதுதான் முறை.

ஆய்வு நூலகத்துக்குள் குழந்தைகளை விடுவார்களா?

அரிய நூல் அறைக்குள் இல்லை. ஆனால் ம்யூனிக்கிலும், டோக்கியோவில் 2000-இல் திறந்த சர்வதேச சிறார் இலக்கிய நூலகத்திலும் பிள்ளைகளுக்கென்றே தனி வாசிப்பறை இருக்கிறது. டோக்கியோ நூலகம் 1906-இல் கட்டிய பழைய கட்டடத்தில் நடக்கிறது. கட்டடத்தைப் பார்க்கவாவது கூட்டிப் போங்கள்.

குழந்தைகளுக்கு எழுதுகிறேன். என் கைப்பிரதிகளையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள் என்று பழைய பேப்பரோடு போட நினைக்கிறேன். - ஓர் எழுத்தாளர்

போடாதீர்கள். லீனா டி கிரம்மண்ட் என்ற பேராசிரியை 1966 வாக்கில் அமெரிக்காவின் தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஒரு சேகரிப்பைத் தொடங்கியபோது, எழுத்தாளர்களுக்குக் கடிதம் எழுதி எழுதியே உங்கள் வரைவுகளைத் தாருங்கள் என்று கேட்டார். இதையா கேட்கிறீர்கள் என்ற கேள்வி அவருக்கும் வந்திருக்கும். இன்று அங்கேதான் 'கியூரியஸ் ஜார்ஜ்' என்ற குரங்குக் கதைகளைப் படைத்த ரே தம்பதியின் காகிதங்கள் இருக்கின்றன. 1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் நுழையுமுன், சைக்கிளில் தப்பிய அந்த யூதத் தம்பதி, மூட்டையில் கட்டி எடுத்துப் போன பொருள்களில் குரங்குக் குட்டியின் கதை ஒன்றின் கைப்பிரதியும் படங்களும் உண்டு. பிறகு உலகமெங்கும் பிள்ளைகள் படித்த கதை அது.

அச்சான புத்தகம் முடிவை மட்டும் காட்டும். நீங்கள் நீக்கிய கதாபாத்திரம், ஓவியர் ஒட்டிச் செய்த டம்மி (மாதிரிப் புத்தகம்), 'இந்த வரி பிள்ளைகளுக்குக் கடினம்' என்று பதிப்பாசிரியர் எழுதிய கடிதம் எல்லாம் பிரதியில்தான் இருக்கிறது. கணினியில் எழுதுபவர் என்றால் ஒவ்வொரு வரைவையும் தேதியோடு தனிக் கோப்பாகச் சேமியுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அழித்து எழுதினால் எதுவும் மிஞ்சாது. காகிதத்தில் இருக்கும் ஸ்டேப்ளர் பின்களை எடுத்துவிடுங்கள், துருப்பிடிக்கும்.

ஒரே பதிப்பகத்தின் சிறுவர் வரிசை முழுவதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். எனக்குப் பின் ஒரு நூலகத்துக்குத் தர ஆசை. என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்? - ஒரு சேகரிப்பாளர்

எப்போது பட்டியலில் ஏற்றுவீர்கள் என்று கேளுங்கள், அதுதான் முதல் கேள்வி. பட்டியலில் ஏறாத புத்தகத்தை யாராலும் தேட முடியாது, அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஆஸ்போர்ன் கொடுத்தது 1949-இல், அதன் அச்சுப் பட்டியல் வந்தது 1958-இல். நல்ல பட்டியலுக்கு அவ்வளவு காலம் பிடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் யார் செய்வார், எந்த ஆண்டு தொடங்கும் என்ற பதில் எழுத்தில் வேண்டும். இரட்டைப் பிரதிகளை விற்பார்களா, வேறு நூலகத்துக்குத் தருவார்களா என்றும், தொகுப்பைப் பிரிக்காமல் ஒரே இடத்தில் வைப்பார்களா என்றும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்போர்ன் 1934-லேயே டொரான்டோவுக்குப் போய், அங்கே பிள்ளைகள் நூலகம் நடக்கும் விதத்தைக் கண்ணால் பார்த்திருந்தார், அந்த நம்பிக்கையில்தான் கடல் கடந்து கொடுத்தார். நீங்களும் ஒரு நாள் போய் அவர்களுடைய சேமிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். பட்டியல் பற்றி மழுப்பலாகப் பேசினால், வேறு நூலகத்துக்கு எழுதுங்கள்.